அட்டவணையும் விரிதாளும்: மும்பைக் கட்டுமானங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பெரியதொரு கட்டுமானத்தின் கால அட்டவணையை, அது உருவான பிரிமவேரா, மைக்ரோஸாஃப்ட் புராஜெக்ட் முதலிய மென்பொருள்களிலிருந்து எடுத்து, எக்ஸெல் விரிதாளில் இட்டுப் பலருக்கும் அனுப்பிவைப்பது, மும்பையில் எந்தப் பொறியியல் அலுவலகத்திலும் அன்றாடம் நடைபெறும் காரியமாகையால், அதில் ஆராய்ச்சிக்கு உரிய விஷயம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். ஆனால் நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்ச் செலவும், ஆயிரக்கணக்கானோர் வீடும் தொழிலும் சார்ந்த முடிவுகள் மூல அட்டவணையைப் பார்த்து எடுக்கப்படாமல், அதிலிருந்து பெயர்த்தெடுத்த விரிதாளைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன என்பதை உணர்ந்தால், அந்தப் பெயர்ப்பில் எது நிற்கிறது, எது உதிர்கிறது என்று பரிசீலிப்பது வீண்வேலை ஆகாது.

கால அட்டவணை ஒன்றில் இரண்டு வகை அறிவு அடங்கியிருக்கிறது. இன்ன வேலை இன்ன தேதியில் தொடங்கி இன்ன தேதியில் முடியும் என்பது ஒன்று. அந்தத் தேதிகளை உண்டாக்கும் காரணங்கள், அதாவது எந்த வேலை எதற்குக் காத்திருக்கிறது, எந்த நாள்கள் வேலைநாள்கள், எந்தத் தேதி கணக்கால் வந்தது, எது மேலிடத்துக் கட்டளையால் வந்தது என்பவை மற்றொன்று. விரிதாளுக்கு மாற்றும்போது முதல் வகை அறிவு எளிதில் வந்துசேர்ந்துவிடுகிறது. இரண்டாம் வகை, வருந்தி அழைத்தாலன்றி வருவதில்லை. இக்கட்டுரை நிலைநாட்ட விரும்புவது இந்த ஒன்றையே.

இரண்டு மரபுகள்

வேலைகளைக் கிடைப்பட்டைகளாக வரைந்து காட்டும் படத்தை ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1910ஐ அடுத்த ஆண்டுகளில் பிரபலப்படுத்தினார். ஒரு வேலை என்று தொடங்குகிறது என்பதை அந்தப் படம் நன்றாகக் காட்டிற்று. எதனால் அன்று தொடங்குகிறது என்பதைக் காட்டவில்லை. வேலைகளின் சார்புகளை வலைப்பின்னலாக வரைந்து அந்தக் குறையைத் தீர்த்தவை, 1957ஐ ஒட்டி டூபாண்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் வகுத்த கிரிட்டிக்கல் பாத் முறையும், 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக எழுந்த பெர்ட் முறையுமாகும். டூபாண்டின் லூயிவில் ஆலையில், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவைக்கும் நேரம் கிரிட்டிக்கல் பாத் முறையால் 125 மணியிலிருந்து 93 மணியாகக் குறைந்தது. மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளையும் ஆர்.சி.எஃப். உர ஆலையையும் அண்டையில் கொண்ட செம்பூரில், 'ஷட்டவுன்' என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆலையை நிறுத்தி, கலன்களையும் குழாய்களையும் திறந்து பார்த்துச் சீர்செய்து மறுபடி ஓட்டுகிற வரையில், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு என்பதை அறிந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

விரிதாளின் வம்சம் வேறு. அது கணக்கரின் பேரேட்டிலிருந்து வந்தது. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆக்கிய விஸிகால்க் 1979இலும், லோட்டஸ் 1-2-3 என்பது 1983இலும், எக்ஸெல் 1985இலும் வெளிவந்தன. எக்ஸெல் முதலில் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்து, 1987இல் விண்டோஸுக்கு வந்தது. வரியும் பத்தியுமாகக் கோடிட்ட தாளில் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும் பழக்கம் மும்பைத் தமிழருக்குப் புதியதன்று. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, மாட்டுங்காவில் குடியேறி, தினந்தோறும் ரயிலேறிக் கோட்டை வட்டாரத்துக் கம்பெனிகளில் குமாஸ்தாவாகவும் கணக்கராகவும் உத்தியோகம் பார்த்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அவர்கள் பிள்ளைகள் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளிகளில் படித்தார்கள். அவர்களுள் சிலர், 1923 முதல் மாட்டுங்காவில் இருந்துவரும் வி.ஜே.டி.ஐ. கல்லூரியில் பொறியியலும் படித்தார்கள். தந்தையின் பேரேட்டு மரபும் மகனின் வலைப்பின்னல் மரபும் ஒரே வீட்டில் சந்தித்தது போலவே, 1983இல் தோன்றிய பிரிமவேரா நிறுவனத்தின் மென்பொருளும், 1984இல் வந்த மைக்ரோஸாஃப்ட் புராஜெக்டும், மேற்சொன்ன விரிதாள்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மேஜைக் கணினியில் வந்து சந்தித்தன. சந்தித்தனவேயன்றி ஒன்றாகிவிடவில்லை.

யார் கேட்கிறார்கள், எதற்காக

விரிதாளுக்கு மாற்றுவதைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று அட்டவணை வல்லுநர்கள் சிலர் இகழ்வதுண்டு. அந்த அபிப்பிராயம் நியாயமானதன்று. பிரிமவேரா உரிமம் ஓர் அலுவலகத்தில் சிலரிடமே இருக்கும்; எக்ஸெல் எல்லோரிடமும் இருக்கும். தளத்துப் பொறியாளருக்கு வேண்டுவது அடுத்த மூன்று வாரங்களுக்கான 'லுக்-அஹெட்' பட்டியல்; அதை அச்சிட்டு மேஸ்திரியின் கையில் கொடுத்தால்தான் கம்பி கட்டுபவரும் ஷட்டரிங் போடுபவரும் ஆயத்தமாவார்கள். கணக்குப் பிரிவினருக்கு வேண்டுவது மாதவாரியான பணத்தேவை. கடன் கொடுத்த வங்கிக்கு வேண்டுவது திட்டமிட்ட முன்னேற்றத்தையும் நடந்த முன்னேற்றத்தையும் ஒப்பிடும் வளைகோடு. இவற்றை அட்டவணை மென்பொருளில் செய்வதைவிட எக்ஸெலில் செய்வது சுலபம்.

கொலாபா–பாந்த்ரா–சீப்ஸ் எனப்படும், 33.5 கிலோமீட்டர் நீளமும் 27 நிலையங்களும் கொண்ட மூன்றாம் மெட்ரோ வழித்தடம், ஏழு சிவில் ஒப்பந்தங்களாகப் பிரித்து, 17 சுரங்கம் தோண்டும் இயந்திரங்களைக் கொண்டு கட்டப்பட்டது. 2024 அக்டோபரில் ஆரே முதல் பாந்த்ரா–குர்லா வளாகம் (பி.கே.சி.) வரையிலும், 2025 மே மாதத்தில் தாராவி நிலையம் உட்பட ஆச்சார்ய ஆத்ரே சௌக் வரையிலும், 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரையிலுமாக மூன்று தவணைகளில் திறக்கப்பட்டது. இத்தகைய திட்டத்தில் ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் தனி அட்டவணை இருக்கும். சுரங்கத்தாருடைய முடிவுத் தேதி தண்டவாளத்தாருக்குத் தொடக்கத் தேதியாகும். பல அட்டவணைகளை ஒரே பார்வையில் ஒப்பிட வேண்டிய இடத்தில் விரிதாளின் சௌகரியத்தை மறுக்க இயலாது. ஆகவே மாற்றலாமா கூடாதா என்பதைவிட, எப்படி மாற்றுவது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

வழிகள்

வழிகளை நான்காக வகுக்கலாம். திரையில் தெரியும் வரிசைகளை நகலெடுத்து எக்ஸெலில் ஒட்டுவது முதல் வழி. விரைவானது, ஆனால் திரையில் மறைந்திருக்கும் எதுவும் அதில் வராது. மென்பொருளிலேயே உள்ள எக்ஸ்போர்ட் வசதியைப் பயன்படுத்துவது இரண்டாம் வழி. மைக்ரோஸாஃப்ட் புராஜெக்டில், எந்தப் புலம் எந்தப் பத்திக்குப் போக வேண்டும் என்று ஒரு வரைபடம் வகுத்துச் சேமித்துவைத்தால் மாதந்தோறும் ஒரே கிரமத்தில் எடுக்கலாம். வேலைகள், ஆள்-பொருள் வளங்கள், இரண்டையும் இணைக்கும் ஒதுக்கீடுகள் ஆகியவை தனித்தனித் தாள்களில் வந்து நிற்கும். பிரிமவேராவும் அவ்வாறே வேலைகளை ஒரு தாளிலும், வேலைகளுக்கு இடையேயான உறவுகளை மற்றொரு தாளிலும் தரவல்லது. ஆனால் உறவுத் தாளைக் கேட்டுக் குறியிட்டால்தான் அது வரும். அவசரத்தில் பெரும்பாலோர் குறியிடுவதில்லை.

மூன்றாவது, அட்டவணை முழுவதையும் எக்ஸ்.எம்.எல். ஆகவோ பிரிமவேராவின் எக்ஸ்.இ.ஆர். கோப்பாகவோ எடுத்து, அதை ஒரு நிரலால் படித்து விரிதாளாக்குவது. எம்.பி.எக்ஸ்.ஜே. என்னும் திறந்த நூலகம் இதற்குப் பெயர்பெற்றது. பல மென்பொருள்களின் கோப்புகளை அது படிக்கும். நான்காவது, எக்ஸெலின் பவர் குவெரி வழியாகத் தரவுத்தளத்தோடு நேரடித் தொடர்பு ஏற்படுத்திக்கொள்வது. இதில் நகல் பழையதானாலும், 'புதுப்பி' என்றால் மூலத்தின் இன்றைய நிலை வந்துவிடும். முதலிரண்டும் எல்லோருக்கும் எட்டும். பின்னிரண்டுக்கும் நிரல் அறிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். காரணங்களை இழக்காமல் கொண்டுவருவதில் மூன்றாவது வழியே சிறந்தது. ஏனெனில் அது அட்டவணையின் முழு உடலையும் முதலில் வெளியே எடுத்துவைத்து, பிறகே வேண்டியதைத் தேர்கிறது.

உதிர்ந்துபோவன

எந்த வழியில் எடுத்தாலும் சில இழப்புகள் இயல்பாகவே நேர்கின்றன. முதலாவது, உறவுகளின் உயிர். மைக்ரோஸாஃப்ட் புராஜெக்டில் ஒவ்வொரு வேலையும் எதற்குக் காத்திருக்கிறது என்று காட்டும் முன்வேலைப் பத்தி எக்ஸெலுக்கு வந்தாலும், 'பன்னிரண்டாம் வேலை முடிந்து மூன்று நாள் கழித்து' என்பது ஒரு கட்டத்துக்குள் வெறும் எழுத்துச் சரமாகவே கிடக்கிறது. மூலத்தில் பன்னிரண்டாம் வேலை ஒரு வாரம் தள்ளிப்போனால் அதைச் சார்ந்த அனைத்தும் தாமே நகரும். விரிதாளில் ஒன்றும் நகராது. முடிவுத் தேதியை நிர்ணயிக்கும் வேலைத் தொடரான கிரிட்டிக்கல் பாத்தும், அந்தத் தேதியைப் பாதிக்காமல் ஒரு வேலை தள்ளிப்போகக்கூடிய அவகாசமான ஃப்ளோட்டும் கணக்கிட்ட அந்த நிமிடத்து விடைகளாக உறைந்துவிடுகின்றன.

இரண்டாவது, நாள்காட்டி. மும்பையில் வேலைநாள் என்பது எல்லா வேலைக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சாலையை வெட்டும் பணிகளை மழைக்கு முன், மே மாத இறுதிக்குள் முடிக்க மாநகராட்சி கெடு வைக்கிறது. மண்வேலையின் நாள்காட்டியில் ஜூன் முதல் நான்கு மாதங்கள் ஏறக்குறைய வெறுமையாகிவிடும். சுரங்கத்துக்குள்ளோ மூன்று ஷிப்டுகளும் ஓடும். ரயில் பாதைக்கு மேல் செய்ய வேண்டியவற்றுக்கு ரயில் ஓட்டத்தை நிறுத்தி ரயில்வே தரும் 'பிளாக்' நேரங்களே வேலைநேரம். 1912இல் கட்டப்பட்ட சயான் ரயில்வே மேம்பாலம், குர்லாவை நோக்கி ஐந்தாவது, ஆறாவது தண்டவாளங்களுக்கு இடம் தருவதற்காக 2024 ஆகஸ்டு 1 முதல் மூடப்பட்டபோது, தாராவியிலிருந்து சயான் போகிறவர்கள் சுற்றுவழி தேடினார்கள். அத்தகைய பாலத்தின் உத்தரங்களை இறக்கும் வேலைக்கு 'இரண்டு நாள்' என்று விரிதாள் சொன்னால், அது அடுத்தடுத்த இரண்டு நாள்களா, வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளின் இரண்டு பிளாக்குகளா என்பது நாள்காட்டி இல்லாமல் விளங்காது. பிறந்த நேரமும் ஊரும் எழுதாமல் ராசிக் கட்டத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் எந்தச் சோதிடராலும் தசாபுக்தி கணிக்க முடியாததைப் போல, நாள்காட்டியும் கணக்கெடுத்த தேதியும் இல்லாத விரிதாளைக் கொண்டு எந்தப் பொறியாளராலும் மேற்கொண்டு எதையும் கணிக்க முடியாது.

கால அளவும் இதைச் சேர்ந்ததே. பிரிமவேரா கால அளவை மணிகளாகவே சேமிக்கிறது; 240 மணி என்பது எட்டு மணி நாளுக்கு 30 நாள், இருபத்துநான்கு மணி நாளுக்கு 10 நாள். எந்தக் கணக்கில் நாளாக்கப்பட்டது என்று குறிக்காத பத்தியைக் கூட்டிப் பார்ப்பவர் ஏமாறுவார்.

மூன்றாவது, படிநிலை. மூலத்தில் தலைப்பு வேலைக்குள் உள்வேலைகள் ஒடுங்கிக் கிடக்கும். விரிதாளில் எல்லாம் சமமான வரிகளாகிவிடுவதால், செலவுப் பத்தியைக் கூட்டுகிறவர் தலைப்பின் தொகையையும் உள்வேலைகளின் தொகையையும் சேர்த்துக் கூட்டி இரட்டிப்பு விடை காண்பது சர்வ சாதாரணம். படிநிலை எண்ணையும், 'இது தலைப்பு வரி' என்ற குறியையும் தனிப் பத்திகளாகக் கொண்டுவருவதே இதற்குப் பரிகாரம்.

திரிந்துபோவன

இழப்பைவிட ஆபத்தானது திரிபு. இழந்ததை இல்லையென்றாவது அறியலாம், திரிந்ததை மெய்யென்றே நம்பிவிடுகிறோம். 05/06/2025 என்று எழுதிய தேதி நமக்கு ஜூன் 5. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அது மே 6. ஒன்று மழைக்கு முந்தியது, மற்றொன்று மழையின் வாசலில் நிற்பது. நாளெண் பன்னிரண்டுக்கு உட்பட்ட தேதிகள் சத்தமில்லாமல் இடம் மாறிவிட, பதின்மூன்றும் அதற்கு மேலும் உள்ளவை மட்டும் எழுத்தாக நின்றுவிடுவதால், ஒரே பத்தியில் சரியும் பிழையும் கலந்து கிடக்கும்.

எக்ஸெல் தேதியை 1900 ஜனவரி 1ஐ ஒன்றாகக் கொண்ட ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900 லீப் ஆண்டு அன்று. ஆயினும் லோட்டஸோடு ஒத்துப்போக வேண்டி, அவ்வாண்டின் இல்லாத பிப்ரவரி 29ஐயும் அது எண்ணிக்கொள்கிறது. பழைய மெக்கின்டாஷ் கோப்புகள் 1904இலிருந்து எண்ணுவதால், இரண்டு முறைகளுக்கும் இடையே 1,462 நாள் வித்தியாசம் உண்டு. வேலைக் குறியீடுகளுக்கும் இந்த உபத்திரவம் உண்டு: 1.10 என்ற பிரிவு எண் 1.1 ஆகிவிடும், 3-4 என்ற குறியீடு தேதியாகிவிடும். இது நம்மை மட்டும் பிடித்த தொல்லையன்று. சில மரபணுக்களின் பெயர்கள் எக்ஸெலில் மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதிகளாக மாறிக்கொண்டேயிருந்ததால், பெயர்சூட்டும் சர்வதேசக் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில், பழைய எக்ஸெல் வடிவத்தின் 65,536 வரி எல்லையை மீறியதால், கொரோனா தொற்றுற்ற 15,841 பேரின் விவரம் உரிய காலத்தில் பதிவாகாமல் போயிற்று. இன்றைய எக்ஸெலுக்கு 10,48,576 வரிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு வேலையையும் நாள்வாரியாகப் பிரித்து எடுக்கும்போது அந்த எல்லையும் தொலைவில் இல்லை.

மொழியால் வரும் திரிபு ஒன்றும் உண்டு. மராத்தியிலோ தமிழிலோ எழுதிய பெயர்களைக் கொண்ட சி.எஸ்.வி. கோப்பை நேரே இரட்டைச் சொடுக்கில் திறந்தால், குறியாக்கத்தை எக்ஸெல் தவறாக ஊகித்து எழுத்துகளைச் சிதறடித்துவிடும், யு.டி.எஃப்-8 என்று சொல்லி இறக்கினால் எழுத்து நிற்கும்.

திரும்பும் பயணம்

தளத்தில் நடந்த முன்னேற்றத்தை விரிதாளில் நிரப்பி மறுபடி மூலத்துக்கு ஏற்றுவது பல அலுவலகங்களில் மாதாந்திர வழக்கம். பிரிமவேரா எடுத்துக்கொடுக்கும் தாளில் முதல் வரி தரவுத்தளப் பெயர்களும், இரண்டாம் வரி மனிதர் படிக்கும் தலைப்புகளும் ஆகும். நட்சத்திரக் குறியிட்ட பத்திகள் கணக்கால் வருபவையாகையால், அவற்றில் எதை எழுதினாலும் திரும்ப ஏறாது. முதல் வரியை அழகு கருதி அழித்துவிட்டவர் ஏற்றும்போது தவிப்பார். இதைவிடப் பெரிய அபாயம், மூன்று பேர் மூன்று பிரதிகளைத் திருத்தி வைத்துக்கொண்டு, எது மூலம் என்பதே விவாதமாகிவிடுவது. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்குகளில் இதன் விளைவு முழுமையாகத் தெரியும். கட்டுமானச் சட்டச் சங்கம் இங்கிலாந்தில் 2002இல் வெளியிட்டு 2017இல் திருத்திய தாமதம் பற்றிய நெறிமுறை, அட்டவணையை அதன் மூல மின்வடிவிலேயே பரிமாறிக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், காரணங்களின் சங்கிலி அதில் மட்டுமே உயிரோடு இருப்பதுதான்.

பொதுமக்களும் அட்டவணையும்

இது பொறியாளர்களுக்குள் முடிந்துபோகும் விவகாரமன்று. செம்பூரையும் சாந்தாக்ரூஸையும் இணைக்கும் ஆறரைக் கிலோமீட்டர் சாலை, 2003இல் தொடங்கி 2014 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. குடியிருந்தோரை மாற்று இடத்தில் குடியேற்றுவதும், குர்லாவில் ரயில் பாதைகளைக் கடப்பதும் அதன் போக்கை நிர்ணயித்தன. சுமார் இருபது கிலோமீட்டர் மோனோரயிலில், செம்பூர்–வடாலா பகுதி 2014 பிப்ரவரியிலும், எஞ்சியது 2019 மார்ச்சிலும் திறக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் பொதுமக்கள் காதில் விழுந்தவை புதுப்புதுத் தேதிகளே; எந்தக் காரணம் தீர்ந்தால் எந்தத் தேதி மெய்யாகும் என்பது அரிதாகவே சொல்லப்பட்டது.

2016இன் ரியல் எஸ்டேட் சட்டப்படி 2017 மே 1 முதல் இயங்கும் மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேரா, கட்டடம் கட்டுவோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தைப் பதிய வேண்டும் என்று விதித்திருப்பது பெரிய முன்னேற்றம். வீடு வாங்கியவர் எத்தனை சதவீதம் முடிந்தது என்பதைத் தாமே பார்க்கலாம். ஆனால் சதவீதமும் கெடுவும் முதல்வகை அறிவே.

தாராவியில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. சுமார் 600 ஏக்கர்ப் பரப்பின் மறுசீரமைப்பு 2004 முதல் பேசப்பட்டு, சில ஏலங்கள் பயனற்றுப்போய், 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் கேட்பு முதலிடம் பெற்று, 2024 மார்ச்சில் வீடுவாரிக் கணக்கெடுப்பும் தொடங்கியது. தொண்ணூறு அடிச் சாலையின் சந்தில் இட்லிக் கடை வைத்திருப்பவரும், திருநெல்வேலியிலிருந்து வந்த தாத்தாவின் தோல் தொழிலைத் தொடர்பவரும், மண்பாண்டச் சூளைக்குப் பக்கத்தில் குடியிருப்பவரும் கேட்பது வெறும் தேதியை அன்று. மாஹிம்–மாட்டுங்கா பக்கத்து ரயில்வே நிலத்தில் எது கட்டி முடிந்தபின் எங்கள் வரிசை இடிக்கப்படும், தகுதிப் பட்டியல் இறுதியாவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம், ஒன்று தள்ளிப்போனால் மற்றது எவ்வளவு தள்ளும் என்பவையே அவர்கள் கேள்விகள். இவை யாவும் முன்வேலைப் பத்தியின் கேள்விகள். தேதிப் பத்தியை மட்டும் அச்சிட்டு ஒட்டுகிற அறிவிப்பு, அவர்களுக்கு நம்பவோ மறுக்கவோ இடம் கொடுக்கிறதேயன்றி, விளங்கிக்கொள்ள இடம் கொடுப்பதில்லை.

முடிபு

மேற்சொன்ன ஆராய்ச்சியால் சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. விரிதாள் ஒவ்வொன்றின் தலையிலும் எந்த மூலத்திலிருந்து, எந்தக் கணக்கெடுப்புத் தேதியில் எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். வரிசை எண்ணை நம்பாமல், மாறாத தனி அடையாள எண்ணைக் கொண்டுவர வேண்டும். இடையில் ஒரு வேலை நுழைந்தால் வரிசை எண்கள் அனைத்தும் மாறிவிடும். உறவுகளுக்கும் நாள்காட்டிகளுக்கும் தனித் தாள்கள் வேண்டும். கட்டளையால் இட்ட தேதிகளைக் கணக்கால் வந்தவற்றிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். தேதிகளை ஆண்டு, மாதம், நாள் என்ற கிரமத்திலும், குறியீடுகளை எழுத்து வடிவிலும் எடுக்க வேண்டும். வரி எண்ணிக்கையையும், முதல் தேதி, கடைசித் தேதி, மொத்தச் செலவு ஆகியவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்பே அனுப்ப வேண்டும். திரும்ப ஏற்றும் உரிமை ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய மென்பொருள் தேவையில்லை. சிறிது பொறுமையும், படிப்பவர்மேல் மரியாதையும் போதும். காரணங்களை மறைத்துத் தேதிகளை மட்டும் தருவது, பெறுகிறவர் மேஸ்திரியானாலும் வங்கி அதிகாரியானாலும் தாராவிக் குடும்பமானாலும், அவரைக் காத்திருக்க மட்டுமே தகுந்தவராக நடத்துவதாகும். காரணங்களையும் சேர்த்துத் தருகிற விரிதாளோ, அவரைக் கேள்வி கேட்கத் தகுந்தவராக்குகிறது. பொதுப்பணத்தில் நடைபெறும் திட்டங்களிலேனும், முன்வேலைப் பத்தியோடு கூடிய விரிதாளே வெளியிடத்தக்கது என்பது விதியாக வேண்டும்.